குழுவாக பைக் பயணம்: ஏற்பாடு செய்பவர் தலையில் என்னென்ன விழும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார நாட்களில் நான் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறேன். ஞாயிறு விடியற்காலையில் சேலத்தில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் பதினைந்து இருபது பைக்குகளோடு நிற்கிறேன். இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்ப்பதில் ஒரு சங்கடம் உண்டு. வண்டிகள் கிளம்பும்போதே, இதில் எது நாளைக்கு மனுவாக வரும் என்று கண் தேடத் தொடங்கிவிடும். மற்ற ஊர்களில் குழு நடத்தும் தம்பிகள் போனில் கேட்பதும் இதைப் பற்றித்தான். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். எல்லாம் இந்தியச் சட்டம். சாலைகள் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சாலைகள். கையில் சம்மனை வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர், படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு வழக்கறிஞரைப் போய்ப் பார்க்கவும்.

நண்பர்கள் பத்துப் பேரை "ஏற்காடு போய்வரலாம், வாருங்கள்" என்று அழைத்தேன். யாராவது விழுந்து அடிபட்டால் என் மீது வழக்கு வருமா?

அழைத்தீர்கள் என்பதற்காக மட்டும் வராது. உரிமம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் தன் வண்டியைத் தானே ஓட்டினால், அந்த ஹேண்டில்பாருக்கு அவரே பொறுப்பு. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கலாகும் மனுவில் எதிர்த்தரப்பாக யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள்: மோதிய வண்டியின் ஓட்டுநர், அதன் உரிமையாளர், அதற்குக் காப்பீடு கொடுத்த நிறுவனம். பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு வழக்கமாக அங்கே இடமே இல்லை.

ஆனால் வேறு வாசல்கள் இருக்கின்றன. பணம் வாங்கினீர்களா என்பது ஒன்று. மற்றவர்கள் உங்கள் சொல்லைக் கேட்டு ஓட்டினார்களா என்பது இன்னொன்று. ஆபத்து என்று தெரிந்தும் விட்டீர்களா என்பது மூன்றாவது. ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இதுதான். முன் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று காலையிலேயே ஒருவர் உங்களிடம் சொல்லி, "பரவாயில்லை, மெதுவாக வா" என்று நீங்கள் பதில் சொல்லியிருந்தால், அந்த மூன்று சொற்களுக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் உங்களைப் பிரதிவாதியாகச் சேர்க்க இடமிருக்கிறது. இறந்தவரின் குடும்பத்தார் அப்படி வழக்குப் போடுவதற்கு 1855-ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டமே இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

பணம் வாங்கினால் என்ன மாறுகிறது? நாங்கள் லாபம் பார்ப்பதில்லை.

பெட்ரோலையும் இட்லியையும் பங்கு போட்டுக்கொள்வது கட்டணம் ஆகாது. "நபருக்கு 1,500 ரூபாய், டி-ஷர்ட், காலை உணவு, பின்னால் மெக்கானிக்குடன் வேன்" என்று போஸ்டர் போட்டால் நீங்கள் சேவை விற்கிறீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, இலவசமாகச் செய்யும் சேவையைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது. காசு கைமாறியதும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. லாபம் மிஞ்சியதா என்பது அங்கே கேள்வி அல்ல.

வேன் வரும் என்று சொன்னீர்கள், வேன் வரவில்லை, கால் முறிந்தவர் வளைவில் ஒரு மணி நேரம் கிடந்தார். இது சேவைக் குறைபாடு என்று சொல்ல வழக்கறிஞர்கூடத் தேவையில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அவரே நேரில் மனுக் கொடுக்கலாம். இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. உங்களிடம் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணமும் கிடையாது. அவருக்கு இவ்வளவு எளிதான வாசலை நீங்களே 1,500 ரூபாய்க்குத் திறந்துவைத்திருக்கிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். போஸ்டரில் இருக்கும் ஒவ்வொரு வரியும் வாக்குறுதி. செய்ய முடிந்ததை மட்டும் அச்சடியுங்கள்.

எல்லோரிடமும் "என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன், எது நடந்தாலும் ஏற்பாட்டாளர் பொறுப்பல்ல" என்று கையெழுத்து வாங்கிவிடுகிறோம். போதாதா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் படிவம் ஒன்றை இறக்கி, கலிஃபோர்னியா மாநிலத்தின் பெயரைக்கூட மாற்றாமல் கையெழுத்து வாங்கிய குழு ஒன்றை எனக்குத் தெரியும். கோப்பு மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டு மிக அழகாக இருந்தது.

குற்ற வழக்கை எந்தத் தாளாலும் தள்ளுபடி செய்துகொள்ள முடியாது. வழக்குத் தொடுப்பது அரசு; அரசு உங்கள் படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. சாலையில் நடந்து போனவர்மீது உங்கள் குழுவின் வண்டி மோதினால், அவரும் போடவில்லை. சரி, கையெழுத்துப் போட்டவரையாவது கட்டுப்படுத்துமா? 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 23, பொதுநலக் கொள்கைக்கு முரணான ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது. பிரிவு 28, தன் உரிமைக்காக நீதிமன்றம் போவதையே முழுவதுமாகத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது. உங்கள் அலட்சியத்துக்கு நீங்களே முன்கூட்டி எழுதி வாங்கிய மன்னிப்பு இந்த இரண்டையும் தாண்டி நிற்பது கடினம். பணம் வாங்கிய பயணம் என்றால், ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் என்று நுகர்வோர் சட்டத்தின் கீழும் அதைத் தாக்கலாம். 18 வயது நிரம்பாதவரின் கையெழுத்துக்கோ மதிப்பே இல்லை. அன்று நமக்கும் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், 1903-இல் மோஹரி பீபீ வழக்கில் முடித்துவைத்த விஷயம் அது.

அப்படியானால் தாளைக் கிழித்துப் போடலாமா என்றால், கூடாது. அதற்கு வேறொரு பயன் இருக்கிறது. தெரிந்தே ஏற்றுக்கொண்ட ஆபத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது என்ற பழைய கோட்பாடு நம் நீதிமன்றங்களிலும் உண்டு. ஆனால் "தெரிந்தே" என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆகவே "எந்த ஆபத்துக்கும்" என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். "கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள்; மழைக்குப் பின் வளைவில் மண் சரிந்திருக்கும்; வழியில் பெட்ரோல் பங்கை நம்ப வேண்டாம்; ஒருநாள் பயணத்தில் மலை ஓட்டிப் பழகாதவர் வர வேண்டாம்" என்று தமிழில், வருகிறவர் படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதுங்கள். கீழே அவருடைய உரிம எண், காப்பீடு முடியும் தேதி, ரத்த வகை, வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது. இந்தத் தாள் உங்களைக் காப்பாற்றுகிறதோ இல்லையோ, ஆம்புலன்ஸில் போகிறவரைக் காப்பாற்றும்.

என்னைக் கைது செய்வார்களா?

கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 106. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ-யில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு; இப்போது ஐந்து. காயம் மட்டும் என்றால் பிரிவு 125; கொடுங்காயமாக இருந்தால் மூன்று ஆண்டு வரை. இவை முதலில் போவது ஓட்டியவர் மீதுதான்.

ஏற்பாட்டாளர்மீது இவற்றை நிறுத்துவதற்கு, மரணத்துக்கு அவருடைய செயலே நேரடிக் காரணம் என்று காட்ட வேண்டும். இதற்கு நாங்கள் இன்றும் தூக்கிக்கொண்டு ஓடுவது 1960-களில் வந்த குர்பான் ஹுசைன் வழக்குத் தீர்ப்பு. மும்பையில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் தீப்பிடித்து ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். எரியும் அடுப்புகளையும் வார்னிஷ், டர்பன்டைன் போன்றவற்றையும் ஒரே அறையில் வைக்க விட்டவர் அதன் நிர்வாகப் பங்குதாரர். சூடு தணியாத தாரில் டர்பன்டைனை ஊற்றியவர் ஒரு தொழிலாளி. மரணத்துக்கு உடனடிக் காரணம் அந்த ஊற்றல்தான் என்று சொல்லி, நிர்வாகியை 304ஏ-யிலிருந்து உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் தீயை அலட்சியமாகக் கையாண்ட குற்றத்துக்கான தண்டனை மட்டும் நின்றது. நம் விஷயத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். பெரிய குற்றத்திலிருந்து நீங்கள் வெளியே வரலாம். அறையை அப்படி வைத்திருந்ததற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டிவரும்.

இவையெல்லாம் தீர்ப்பு நாளின் ஆறுதல்கள். முதல் தகவல் அறிக்கை பதிவாகும் நாளில் காட்சி வேறு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீயை வைத்தது மலையேற்றத்தை ஏற்பாடு செய்தவர்கள் அல்லர். ஆனாலும் அவர்கள்மீது வழக்குப் பதிவானது. பிறகுதான் அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளையே கொண்டுவந்தது. பைக் பயணத்துக்கு அப்படித் தனி விதி எதுவும் நம்மிடம் இல்லை. விதி இல்லாத இடத்தில் விசாரணை அதிகாரியின் பார்வைதான் முதலில் விதி.

நாங்கள் ரேஸ் விடுவதில்லை. "அடிவாரத்திலிருந்து மேலே யார் முதலில்" என்று விளையாட்டாகத்தான்...

பொதுச் சாலையில் வேகப் போட்டி எந்த வகையானாலும், மாநில அரசின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189. பரிசும் கொடியும் தேவையில்லை. அந்தப் பிரிவின் வாசகம் முக்கியம்: பங்கெடுப்பவர் மட்டுமல்ல, அதற்கு இடம்கொடுப்பவரும் குற்றவாளி. முதல் முறை மூன்று மாதம் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும்.

அதைவிட எனக்கு அச்சம் தருவது காப்பீடு. உங்கள் பாலிசித் தாளில் "பயன்பாட்டு வரம்புகள்" என்று பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, வாடகைக்கு விடுதல் ஆகியவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு இல்லை என்று அதில் இருக்கும். இதே காரணத்தைச் சொல்லித் தீர்ப்பாயத்தில் எதிர்வாதம் செய்ய நிறுவனத்துக்குச் சட்டமே உரிமை தருகிறது. ஒருமுறை குறுக்கு விசாரணையில் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர், குழுவின் வாட்ஸ்அப் செய்திகளின் நகலை எடுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் படித்தார்: "போன வாரம் 22 நிமிடம். இந்த வாரம் 20-க்குள் ஏறணும்." பிறகு ஒரு தீச் சின்னம். "இந்தத் தீ எதைக் குறிக்கிறது?" என்று கேட்டார். சாட்சிக் கூண்டில் நின்ற பையன் என்னைப் பார்த்தான். நான் மேசையைப் பார்த்தேன்.

ஆபத்தான ஓட்டம் பிரிவு 184. குடித்து ஓட்டுவது பிரிவு 185, அதாவது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால். இந்த இரண்டுக்கும் தூண்டுதலாகவோ உதவியாகவோ இருப்பவருக்கு அதே தண்டனை என்கிறது பிரிவு 188. மதிய உணவு நிறுத்தத்தில் பீர் வாங்க வசூல் செய்தவர் இதை இரண்டு முறை படிக்கட்டும். முன்சக்கரத்தைத் தூக்கிக் காட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2023-இல் காஞ்சிபுரம் அருகே அப்படிச் செய்து விழுந்த யூடியூபர் ஒருவரின் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும்.

காவல் துறை அனுமதி வாங்க வேண்டுமா?

பத்துப் பதினைந்து பேர் போக்குவரத்து விதிப்படி ஓட்டிக்கொண்டு போவதற்கு அனுமதி கேட்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. கொடியசைப்பு, மைக், பேனர், எம்.எல்.ஏ. வருகை என்று வந்துவிட்டால் அது பயணம் அல்ல, பேரணி. சென்னையில் 1888-ஆம் ஆண்டு நகரக் காவல் சட்டம் பிரிவு 41, மாவட்டங்களில் 1861-ஆம் ஆண்டு காவல் சட்டம் பிரிவு 30 ஆகியவை பேரணிகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தைக் காவல் துறைக்குத் தருகின்றன. மனுவை முன்கூட்டியே நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். அனுமதிக் கடிதத்தில் நேரம், வழி, வண்டி எண்ணிக்கை எல்லாம் நிபந்தனையாக வரும். ஐம்பது வண்டி என்று எழுதிக் கொடுத்துவிட்டு நூற்றைம்பது வந்தால், அனுமதி வாங்காததைவிட அது மோசம்; நிபந்தனை தெரிந்தே மீறியதற்கு உங்கள் கையெழுத்தே சாட்சி.

ஹெல்மெட் விழிப்புணர்வுப் பேரணியைத் தொடங்கிவைக்க வரும் பிரமுகர் ஹெல்மெட் இல்லாமல் முதல் வண்டியில் ஏறும் காட்சியை நான் மூன்று ஊர்களில் பார்த்துவிட்டேன். கூடுதலாக ஒரு ஹெல்மெட்டைக் கையில் வைத்திருங்கள்.

குழு பிரியாமல் இருக்க, சந்திப்புகளில் இருவர் குறுக்கே நிறுத்தி மற்ற வண்டிகளை மறிக்கிறோம். தவறா?

தவறு. சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் சீருடையில் இருப்பவருக்கு மட்டுமே. பளபளக்கும் மேல்சட்டை போட்ட உங்கள் ஆளுக்கு அது கிடையாது. பொதுவழியை மறிப்பது நியாய சன்ஹிதாவில் பிரிவு 285. ஒருவரைப் போகவிடாமல் தடுப்பது பிரிவு 126. தண்டனை சிறியது. ஆனால் மறிக்கப்பட்ட வரிசையில் ஆம்புலன்ஸ் ஒன்று நின்றிருந்தால் அப்புறம் சட்டப் பிரிவுகளைத் தேட வேண்டியதில்லை. சிக்னலில் பிரிந்தால் பிரியட்டும். அடுத்த டீக்கடையில் சேர்ந்துகொள்ளலாம்.

குழுவுக்குள்ளேயே இரண்டு வண்டிகள் மோதிக்கொண்டால்?

நண்பர்கள் என்பதால் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது. மற்றவரின் வண்டிக்கு அடிபட்டவர் மூன்றாம் தரப்பு, அதாவது அந்தக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் சேராத வெளியாள். அந்த வண்டியின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்கலாம். இதற்காக நண்பர்மீது வழக்குப் பதிவாக வேண்டியிருக்கும் என்பதால் பலர் "தானாக விழுந்தேன்" என்று மருத்துவமனையில் சொல்லிவிடுகிறார்கள். அந்த ஒரு வரி விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால் பிறகு அழித்து எழுத முடியாது. நட்பைக் காப்பாற்றப் போய், காலுக்கு வைத்த கம்பியின் செலவைத் தானே கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

யார் மீது தவறு என்பது பெரும்பாலும் இடைவெளியைப் பொறுத்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்த்த கோவை வழக்கைச் சொல்கிறேன். 2017 ஜனவரியில் ஒரு பொறியியல் மாணவர் நெடுஞ்சாலையில் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன கார் எச்சரிக்கை ஏதுமின்றிச் சட்டென்று நின்றது. பைக் அதன் பின்னால் மோதி அவர் விழ, பின்னால் வந்த பஸ் அவர்மீது ஏறியது. இடது காலை எடுக்க வேண்டியதாயிற்று. கூட வந்த கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வந்ததால் நிறுத்தினேன் என்றார் கார் ஓட்டியவர். நெடுஞ்சாலை நடுவில் அப்படி நிறுத்தியது அலட்சியமே என்று சொல்லி 50 சதவீதப் பொறுப்பை அவர்மீதும், 30 சதவீதத்தைப் பஸ் மீதும் நீதிமன்றம் வைத்தது. போதிய இடைவெளி விடாததற்கும் உரிமம் இல்லாததற்கும் சேர்த்து 20 சதவீதம் மாணவர்மீது.

இதைக் குழுப் பயணத்தில் போட்டுப் பாருங்கள். முன்னால் செல்பவர் புகைப்படம் எடுக்கச் சட்டென்று ஓரம் கட்டுகிறார்; பின்னால் ஒட்டிக்கொண்டு பத்து வண்டிகள். அந்த விகிதக் கணக்கு அப்படியே உங்கள் வரிசையில் வந்து உட்காரும். "ஒட்டியே வாருங்கள், யாரையும் நடுவில் விடாதீர்கள்" என்று காலையில் அறிவுரை சொன்னது நீங்கள்தான் என்றால், கணக்கில் உங்களுக்கும் ஒரு பங்கு கேட்பார்கள்.

வழியில் பைக்கை மாற்றி ஓட்டிப் பார்ப்பது உண்டு. அதில் என்ன இருக்கிறது?

இந்தத் தொழிலில் என் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான். தொப்பூர் தாண்டி ஒரு டீக்கடை. இரண்டாவது டீ முடிந்திருக்கும். "அண்ணா, உங்கள் வண்டியை ஒரு பத்துக் கிலோமீட்டர்..." என்று ஒரு தம்பி சாவியை நீட்டுவான். அந்தச் சாவி கைமாறும் நொடியில் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

இரவல் வண்டியை ஓட்டுகிறவர் சட்டத்தின் கண்ணில் உரிமையாளரின் செருப்பில் கால் நுழைத்தவர். அவர் மூன்றாம் தரப்பு அல்லர். தானாக விழுந்து இறந்தால் அந்த வண்டியின் மூன்றாம் தரப்புக் காப்பீட்டிலிருந்து குடும்பத்தார் எதுவும் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் நிங்கம்மா வழக்கிலும் 2020-இல் ராம்கிலாடி வழக்கிலும் சொல்லிவிட்டது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதே என்றால், அதன் பெயரிலேயே பதில் இருக்கிறது. அது உரிமையாளருக்கானது. தன் வண்டியில் விழுந்திருந்தால் கிடைத்திருக்கக் கூடிய 15 லட்சம், ஒரு டீக்கடை ஆசையில் வழக்காகிவிடும். வாங்கியவருக்கு அந்த வகை வண்டிக்கு உரிமம் இல்லையென்றால், கொடுத்தவர்மீது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 180 தனியாக வரும்.

எங்கள் குழுவில் இதற்கு விதிவிலக்கே கிடையாது. இதனால் சிலர் என்னோடு பேசுவதில்லை.

பின்னால் உட்கார்ந்து வருபவருக்குக் காப்பீடு உண்டா?

வண்டிக்கு இருப்பது வெறும் மூன்றாம் தரப்புப் பாலிசியா, முழுப் பாலிசியா என்பதைப் பொறுத்தது. மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் வருபவருக்கு அந்த வண்டியின் காப்பீட்டில் இடமில்லை. 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. முழுப் பாலிசி இருந்தால் உண்டு. மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலைக்கு வருகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று ஒருநாள் பங்க் வாசலில் கேட்டேன். ஒருவர் கையைத் தூக்கினார். அவர் காப்பீட்டு முகவர்.

வாடகை பைக்கில் வரலாமா?

நம்பர் பிளேட் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால், அதாவது வாடகைக்கென்றே பதிவான வண்டி என்றால், வரட்டும். வெள்ளைப் பலகை வண்டியை "நண்பருடையது, நாளுக்கு 800" என்று எடுத்து வந்தால், மேலே சொன்ன பொடி எழுத்துப் பத்தியை மறுபடி படியுங்கள்.

பிளஸ் டூ படிக்கும் பையன், அப்பாவின் பைக்கில் வருகிறேன் என்கிறான். அப்பாவும் சம்மதித்துவிட்டார்.

அப்பாவின் சம்மதம்தான் அவருக்கு எமன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 199ஏ, சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் காப்பாளருக்கும் வண்டி உரிமையாளருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஓர் ஆண்டுக்கு வண்டிப் பதிவு ரத்து என்கிறது. பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. தெரிந்தே வரிசையில் நிறுத்தி அழைத்துப் போன உங்களை விட்டுவிடுவார்கள் என்று நான் உறுதி தரமாட்டேன். வீட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள். அழுதால் அழட்டும்.

சைலன்சர் மாற்றிய வண்டிகள்?

வண்டியின் அமைப்பை மாற்றியதற்கும் ஒலிக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. குழுவில் ஒன்று கத்தினால் சோதனைச் சாவடியில் இருபது பேரும் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

மலை, காடு, பக்கத்து மாநிலம் என்று போகும்போது வேறு என்ன பார்க்க வேண்டும்?

வழியைத் தேர்ந்தெடுத்தது நீங்கள் என்பதால் வழியின் தடைகளைத் தெரிந்துவைத்திருப்பதும் உங்கள் வேலையாகிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது; பாஸ் குழுவுக்கு அல்ல, ஒவ்வொரு வண்டிக்கும். பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். திம்பம் மலைப்பாதையில் இலகு வாகனங்களுக்கும் அதே நேரத்தில் தடை உண்டு. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குகளுக்கு அனுமதி இல்லை, பக்கச் சாலைதான். கிளம்பும் முந்தைய நாள் ஒருமுறை சரிபாருங்கள். இவை மாறிக்கொண்டே இருப்பவை.

வேக வரம்பை மறந்துவிட்டுப் பயணத் திட்டம் போடுவார்கள். நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த உச்சம் 80 கிலோமீட்டர். சேலத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 340 கிலோமீட்டர். "காலை உணவு சேலத்தில் 7 மணிக்கு, சென்னையில் 11 மணிக்குக் கூட்டம்" என்று அட்டவணை போட்டால், வரம்பை மீறாமல் அதை நிறைவேற்ற முடியாது. மீறச் சொல்லி எழுதிக் கொடுத்தது போலத்தான் அந்த அட்டவணையை நான் எதிர்த்தரப்பில் இருந்தால் படிப்பேன்.

எங்கள் குழுவைச் சங்கமாகப் பதிவு செய்தால் பாதுகாப்பா? ஏற்பாட்டாளருக்குக் காப்பீடு கிடைக்குமா?

பதிவு செய்யாத குழுவுக்குச் சட்டத்தில் தனி உருவம் இல்லை; வழக்கு வந்தால் பெயர் தெரிந்த நான்கு பேர் மீதுதான் வரும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவு செய்தால் வங்கிக் கணக்கு, கணக்கு நோட்டு, தீர்மானப் புத்தகம் எல்லாம் ஒழுங்காகும். ஒருவர் தாமே செய்த அலட்சியத்தை அது மூடாது. காப்பீட்டில் இரண்டைப் பாருங்கள்: நிகழ்ச்சிகளுக்கான பொதுப் பொறுப்புக் காப்பீடு, பங்கேற்பவர்களுக்கான குழு விபத்துக் காப்பீடு. வாங்கும்போது "சாகச விளையாட்டு" என்ற விலக்குக்குள் பைக் பயணத்தைத் தள்ளியிருக்கிறார்களா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். முகவர் வாயால் சொன்ன எதுவும் எனக்கு நீதிமன்றத்தில் உதவியதில்லை.

விபத்து நடந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

108. பிறகு பின்னால் வரும் வண்டிகளை வளைவுக்கு முன்பே நிறுத்த ஒருவரை அனுப்புங்கள். இரண்டாவது விபத்து அங்கேதான் நடக்கும். ஹெல்மெட்டைத் தெரியாதவர் கழற்ற வேண்டாம். விபத்தில் சிக்கிய ஓட்டுநருக்கு, அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 134-இன்படி கடமை. உதவப் போன மற்றவர்களுக்குப் பிரிவு 134ஏ பாதுகாப்புத் தருகிறது. பெயர் சொல்லும்படி அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

பணத்துக்காகச் சிகிச்சை நிற்காது. "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், தமிழ்நாட்டுச் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும், பட்டியலிலுள்ள மருத்துவமனையில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் ஏழு நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. அடிபட்டவரின் வீட்டுக்குப் போன் செய்வது ஏற்பாட்டாளரின் வேலை. வேறு யாரிடமும் தள்ளாதீர்கள். இழப்பீட்டு மனுவுக்கு 2019 திருத்தம் ஆறு மாதக் கெடு வைத்திருக்கிறது என்பதையும் குடும்பத்தாரிடம் அந்த வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். துக்கத்தில் இருப்பவர்கள் நாட்காட்டி பார்ப்பதில்லை.

போலீஸ் வருவதற்குள் வாட்ஸ்அப் குழுவைக் கலைத்துவிட்டு, கேமரா பதிவுகளை அழித்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

அவரைக் குழுவின் பொறுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை அழிப்பது நியாய சன்ஹிதா பிரிவு 241. மூன்று ஆண்டு வரை சிறை. அதுவரை சாலை விபத்தில் உங்களுக்குப் பங்கே இல்லாமல் இருந்திருக்கலாம். அழித்த பிறகு, உங்கள் பெயரில் தனியாக ஒரு குற்றம் இருக்கும். போதாததற்கு, இருபது பேர் போனில் இருந்ததை ஒருவர் அழிப்பதால் என்ன ஆகப்போகிறது?

ஹெல்மெட்டில் பொருத்தியிருந்த கேமராவின் மெமரி கார்டை எடுத்து, ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, பத்திரமாக வையுங்கள். நான் நடத்திய ஒரு வழக்கில், எதிரே வந்த லாரி கோட்டைத் தாண்டியதைக் காட்டியது அப்படிப்பட்ட ஒரு கார்டுதான். அதில் பதினோரு நொடிக் காட்சி. பதினொன்றில் ஒன்பது நொடி, முன்னால் போனவரின் நம்பர் பிளேட் மட்டுமே தெரிந்தது.